ஆள்காட்டி வாய் மூடியிருந்த கோடை

மானும் மரமும் மனிதனும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும்படி பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் மசணன் என்றொரு வில்லாளி இருந்தான். அவன் குறி தப்பியதே இல்லை. ஒருநாள் புதர் ஒன்று அசைவதைப் பார்த்து அம்பை விட்டான். அன்றும் குறி தப்பவில்லை. ஆனால் புதருக்குள் இருந்தது மான் அல்ல, கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த அவனுடைய தம்பி.

தம்பியைப் புதைத்துவிட்டு வந்த மசணன், வில்லை முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் போட்டான். "இனிமே இந்தக் கை நாணைத் தொடாது" என்று காடே கேட்கும்படி கத்தினான். காடு கேட்டது. ஆனால் நம்பவில்லை. அத்தனை பேரை அடித்துத் தின்றவன் ஒரு நாள் அழுதான் என்பதற்காக உடனே நம்பிவிட, காட்டில் இருப்பவர்கள் ஏமாளிகளா என்ன?

அவனுக்காகப் பேச ஒரே ஒரு பறவைதான் முன்வந்தது. கறுத்த மார்பும் நீண்ட மஞ்சள் கால்களும் உள்ள பறவை. அப்போது அதற்கென்று ஒரு பெயர் கிடையாது. பகலெல்லாம் நிலத்தில் மேயும், பொழுது சாய்ந்தால் மரத்தில் போய் அடையும். முட்டையை மட்டும் மசணனுடைய தினைக்கொல்லையில், கூழாங்கற்களுக்கு நடுவே இடும். அவன் நிலத்தைக் கொத்தும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிக் கொத்துவான். அந்த நன்றிதான் பறவையைப் பேச வைத்தது.

"நான் அவன் கொல்லையிலேயே கிடக்கிறவ. அவன் மறுபடியும் வில்லெடுத்தா முதல்ல பார்க்கப்போறது நான்தான். பார்த்ததும் கத்துறேன். நான் கத்தாத வரைக்கும் நீங்க பயமில்லாம ஊத்துக்கு வந்து தண்ணி குடிங்க" என்றது பறவை.

கொல்லையை ஒட்டித்தான் அந்த ஊற்று இருந்தது. முதலில் முயல்கள் வந்தன, பிறகு மான்கள் வந்தன. ஒரு பெண்மான் தன் குட்டியோடு தினமும் வரும். அதற்கும் பறவைக்கும் அக்கா தங்கை போல அப்படி ஒரு ஒட்டுதல். காட்டுப்பன்றி மட்டும் எதையும் நம்பவில்லை. அது தனக்குத் தோன்றிய நேரத்தில் வரும், போகும். போன கோடையில் பறவையின் முட்டைகளைத் தின்றதும் அந்தப் பன்றிதான்.

இப்படியே சில காலம் போயிற்று. அதன் பிறகு மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. தினை முளையிலேயே கருகியது. மசணனின் மனைவி கெம்பி அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். அவளுக்கே சாப்பாடு இல்லை, பால் எங்கிருந்து வரும்? குழந்தை இரவும் பகலும் அழுதது. பிறகு அழுவதை நிறுத்திவிட்டது. அதுதான் மசணனைக் கலங்க வைத்தது.

மறுநாள் காலையில் அவன் காட்டிலிருந்து ஒரு தடசு மரக் கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பறவை முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

"என்னண்ணே அது?"

"களைக்கொத்துக்குக் காம்பு, தங்கச்சி."

கொத்துக் காம்புக்கு அவ்வளவு நீளம் எதற்கு என்று பறவை கேட்கவில்லை.

மசணன் பட்டையை உரித்தான். வெயில் பட்டால் கம்பு வெடித்துவிடும் என்று நிழலில் கட்டித் தொங்கவிட்டான். கம்பு காய்ந்ததும் கத்தியை எடுத்து உட்கார்ந்தான். நடுவில் கைப்பிடிக்குத் தடிமனாக விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் நுனியை நோக்கிச் செதுக்கிக்கொண்டே போனான். ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, நடுவில் காலை வைத்து அழுத்தி வளைத்துப் பார்ப்பான். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கிறதோ அந்தப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் சுரண்டுவான். மறுபடி வளைப்பான், மறுபடி சுரண்டுவான். கொஞ்சம் கூடுதலாகச் சுரண்டிவிட்டால் நாண் ஏற்றும்போது கம்பு ஒடிந்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண். வீட்டில் பசி காத்திருந்தாலும் அந்த வேலையில் மட்டும் அவன் அவசரப்படவில்லை. கடைசியில் புங்க எண்ணெய் தடவி, தணலில் வாட்டினான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைந்தன.

இனிமேல் அதைக் காம்பு என்று யாரும் சொல்ல முடியாது.

"அண்ணே, பொய் சொல்லாதே. வில்லுதானே அது?" என்று கேட்டது பறவை.

மசணன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா."

"யாருக்கு?"

"பன்னிக்கு. அந்தப் பன்னிக்கு மட்டும்தான். ஒரே ஒரு தடவை. புள்ள பொழைச்சதும் இதையும் ஒடிச்சுப் போட்டுடறேன். கத்திடாதே தங்கச்சி, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

பறவைக்குக் கத்தல் தொண்டை வரை வந்தது. கத்தியிருக்க வேண்டும். ஆனால் அது தன் முட்டைகளைப் பார்த்தது, போன கோடையில் உடைந்து கிடந்த ஓடுகளை நினைத்தது. பன்றிதானே, ஒழியட்டும். அதற்காக யார் அழப் போகிறார்கள்? போதாக்குறைக்கு, இவனை நம்பலாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னதே தான்தான். இப்போது கத்தினால் மானும் முயலும் தன்னைப் பார்த்துச் சிரிக்காதா? பறவை வாயை மூடிக்கொண்டது.

மசணன் மரல் இலைகளைக் கல்லில் வைத்துத் தட்டி, நார் எடுத்து, முறுக்கி நாண் செய்தான். அம்புக்கு இறகு வேண்டியிருந்தது. "கொல்லையில உன் இறகு உதிர்ந்து கிடக்கு. எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். "எடுத்துக்கோ" என்றது பறவை.

பிறகு அவன் ஒரு கரையான் புற்றை நோக்கி எய்து பழக ஆரம்பித்தான். முதல் அம்பு பக்கத்தில் இருந்த முள்ளில் போய் விழுந்தது. இரண்டாவது புற்றைத் தாண்டிப் போயிற்று. நாண் அடித்து முன்கை புண்ணானது. கை எல்லாவற்றையும் மறந்துவிட்டது போலிருந்தது. ஆனால் மறக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் விரிந்தது, மூச்சு நின்றது, அம்பு போய்ப் புற்றின் நடுவில் குத்தி நின்றது. மசணன் சிரித்துவிட்டான். தம்பி செத்த பிறகு அவன் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பறவை முட்டைகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டது. அப்போதும் அது கத்தவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மசணன் ஊற்றருகே ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். பன்றி வரவில்லை. வந்தது பெண்மான், பின்னாலேயே குட்டியும் வந்தது. மான் ஊற்றுக்குப் பக்கத்தில் நின்று, காதை நிமிர்த்திக் கொல்லைப் பக்கம் பார்த்தது. பறவை முட்டைகளின் மேல் அமைதியாக உட்கார்ந்திருந்தது. மான் நிம்மதியாகக் குனிந்து தண்ணீரில் வாயை வைத்தது.

பாறைக்குப் பின்னால் வில் வளைவதைப் பறவை பார்த்தது. மானுக்குப் பின்னால் பன்றி வருகிறது போலும் என்று நினைத்தது. அப்படி நினைக்கத்தான் அதற்குப் பிடித்திருந்தது.

அம்பு மானின் விலாவில் இறங்கியது.

அப்போதுதான் பறவை கத்தியது. காடே அதிரக் கத்திக்கொண்டு ஓடி, அலகால் அம்பைக் கவ்வி இழுத்தது. அம்பு அசையவில்லை. அதன் வாலில் கட்டியிருந்த இறகுகள் தன்னுடையவை என்று பறவைக்குத் தெரிந்தது. மானின் ரத்தம் அதன் அலகிலும் கண்ணோரத்திலும் தெறித்து ஒட்டியது.

"நீ கத்தலியேன்னுதானே குனிஞ்சேன், தங்கச்சி" என்றது மான். அதோடு அதன் தலை சாய்ந்தது.

மசணன் வந்து நின்றான். "பன்னி வரல. கெம்பி அங்க..." என்றான். பறவையின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. மானைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். சில நாளில் கெம்பிக்குப் பால் ஊறியது. குழந்தை பிழைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓடிப்போன குட்டி பொழுது சாயும்போது திரும்பி வந்தது.

"அவரு வில்லு செஞ்சது உனக்குத் தெரியுமா, சித்தி?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கிளையை வெட்டிக் கொண்டாந்த நாள்லேர்ந்து."

குட்டி திரும்பி நடந்து புதருக்குள் போய்விட்டது. அந்தப் பறவையோடு மான்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

இருட்டுவதற்குள் பறவை தான் அடையும் தடசு மரத்துக்குப் பறந்தது. கிளையில் கால் வைத்ததும் மரம் உலுக்கிக் கீழே தள்ளியது. "என் கிளையை அவன் உரிச்சு வளைக்கும்போது பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தியே. இனி எந்த மரத்திலயும் உனக்கு இடமில்லை" என்றது மரம். பறவையின் காலில், கிளையைப் பற்றிக்கொள்ளும் பின்விரல் அந்த நிமிடமே சூம்பிப் போயிற்று.

பிறகு மழை வந்தது. தினை விளைந்தது. மசணன் வில்லை ஒடிக்கவில்லை. அவன் குழந்தை நடக்கப் பழகியதும் அதன் கையில் ஒரு சின்ன வில்லைச் செய்து கொடுத்தான்.

மான் செத்த அன்று தொடங்கியதுதான். அந்தப் பறவை மரத்தில் உட்காருவதே இல்லை. வெட்டவெளியில் முட்டையிட்டு, வெட்டவெளியிலேயே கண் கொட்டாமல் கிடக்கிறது. கண்ணோரமும் அலகும் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கின்றன. ஆள் நிழல் தெரிந்தால் போதும், தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்துகிறது. அதனால்தான் மனிதர்கள் அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்தார்கள். வருகிறவன் விறகு பொறுக்க வருகிறானா, வழி தவறி வருகிறானா, கையில் ஏதாவது இருக்கிறதா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. வில் யாருக்கு என்றும் கேட்பதில்லை. முன்பு ஒரு முறை கேட்டுவிட்டது, அது போதும்.