ஹீலோவில் மச்சாடு வாசித்த கச்சேரி

மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாளில் தனியாகக் கிட்டார் வாசிக்க வேண்டியவருக்கு அம்மை போட்டுவிட்டது. வேறு யாரை வாசிக்க வைக்கலாம் என்று எங்கள் தூத்துக்குடிப் பாடகர் குழு கூடிப் பேசியபோது, கஸ்பார் மச்சாடு தொண்டையைச் செருமினார். கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டு ஓய்வுபெற்றவர். எங்களோடு கோரஸ் பாடுகிறவர்.

"ஹவாய்ல நான் தனிக் கச்சேரியே பண்ணிருக்கேன்" என்றார்.

"எப்பவே?" என்று கேட்டார் தபேலா சந்தியாகு.

"எங்க கப்பலு ஹீலோ துறைமுகத்துல நின்னப்ப. அங்க மண்ணுக்கு மரியாத செய்யுததுக்குன்னே ஒரு கச்சேரி உண்டு. ஒத்த ஆளு, ஒத்த கிட்டாரு. கம்பிய முறுக்க மாட்டான், தளத்தி விட்டுத்தான் வாசிப்பான். அன்னைக்கு வாசிக்க வேண்டிய கேகோவாங்கிற ஆளுக்கு விரலு வீங்கிட்டு. என்னைய வந்து கூப்ட்டாங்க."

"உம்ம எப்படி அவங்களுக்குத் தெரியும்?"

"நடுக்கடல்ல வாசிச்சது கரைக்குக் கேட்டிருக்கு."

"எஞ்சின் சத்தத்தத் தாண்டியா?"

"கேப்டன்தான் எஞ்சின நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாருல்லா."

சந்தியாகு தபேலாவை உறையில் போட்டு மூடினார். மச்சாடு அதைக் கண்டுகொள்ளவில்லை.

"மொதப் பாட்டுக்கு, வயல்ல நின்ன சேம்பு இலை பூரா காத திருப்புத மாதிரி என் பக்கம் திரும்பிட்டு. ரெண்டாவது பாட்டுக்கு எரிமலைக் குழம்பே எறங்கி வந்துட்டு. முன்வரிசையில உக்காருன்னேன். வேண்டாம், மத்தவங்களுக்குச் சூடா இருக்கும்னு பின்னாலயே நின்னுக்கிட்டு. மரியாத தெரிஞ்ச நெருப்பு."

"சரி."

"பொறவு மலை குனிஞ்சிச்சு."

"மலை எப்படிவே குனியும்?"

"எனக்கும் அதே சந்தேகந்தான். உச்சியில கெடந்த பனியக் கையால தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துச்சு. அப்பந்தான் நம்புனேன்."

யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்குத் தெம்பாகிவிட்டது.

"மறுநாள் கப்பல் கெளம்பிட்டு. திரும்பிப் பாக்கேன், தீவு எங்க பின்னாலயே வருது. தென்னமரம், பஸ் ஸ்டாண்டு எல்லாத்தோடயும். கேப்டன் அழுதுட்டாரு. 'மச்சாடு, நெலத்தக் கடத்திட்டோம்னு கேசு போட்டுருவான்'னாரு. நான் கம்பிய நல்லா முறுக்கி ஒரு தட்டு தட்டுனேன். அதுக்குப் புரிஞ்சிட்டு, திரும்பிப் போயிட்டு. போன வேகத்துல மத்த தீவுகள இடிச்சுட்டு. மேப்புல பாருங்க, எல்லாம் இன்னைக்கும் சாஞ்சாப்லதான் நிக்கும்."

சொல்லிவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கிட்டாரை எதிர்பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். உண்மையிலேயே வாசிக்க ஆசைப்படுகிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

குழுவை நடத்துகிற பிலோமின் டீச்சர் நிதானமாகச் சொன்னார்:

"நீங்க சொன்ன அம்புட்டையும் நான் நம்புதேன், அண்ணாச்சி. அதனாலதான் உங்கள வாசிக்க விட முடியாது. கோபுரத்துக்கு இப்பந்தான் வெள்ளையடிச்சிருக்கு. மண்ணு அசைஞ்சு விரிசல் விட்டா சாமியாருக்கு யாரு பதில் சொல்ல? நீங்க நாற்காலி எடுத்துப் போடுங்க."

மச்சாடின் முகம் வாடிப்போனது. சந்தியாகுவுக்கே பாவமாகிவிட்டது. மச்சாடு எழுந்து, கைக்கொன்றாக நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்.

"ஹவாய்ல நாற்காலிய யாரும் தூக்குததில்ல" என்றார். "ஒரு விசில் அடிச்சாப் போதும், அதுவா வந்து வரிசையா நின்னுக்கிடும்."