புயலுக்கு வைத்த ஒற்றைக் கண்

காற்றும் பேசிய, நண்டும் பேசிய, அவை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற பொறுமை மனிதர்களுக்கும் இருந்த அந்தக் காலத்தில், புயலுக்குக் கண் கிடையாது. அப்போது உலகத்துக்கே ஒரே புயல்தான். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரைக்கு வரும். மற்ற மாதங்களில் பெயர் தெரியாத கடல்களில் தட்டுத்தடுமாறித் திரியும்.

அதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். வழி தெரியாமல் கைகளை நீட்டித் தடவிக்கொண்டு வரும். அது தடவினால் தென்னை முறியும், கூரை பறக்கும், ஆள் போய்விடுவான். கடந்து போன பிறகு, "யார் மேலயாவது பட்டுட்டேனா?" என்று தூரத்திலிருந்து கேட்கும். பதில் சொல்ல யாருக்கு வாய் வரும்? கெட்டவனிடம் கெஞ்சலாம், மிரட்டலாம், காலில் விழலாம். கண் தெரியாமல் வந்து மோதுகிறவனிடம் என்ன செய்வது? அதனால் ஐப்பசி பிறந்துவிட்டால் கரையில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

சங்குத்திட்டு என்ற கடற்கரை ஊரில் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். வள்ளங்களுக்குக் கண் வைப்பது அவள் வேலை. புது வள்ளம் கட்டி முடித்தால், சங்கை அறுத்துத் தேய்த்து இரண்டு வட்டங்கள் செய்வாள். வள்ளத்தின் முன்மூக்கில் பக்கத்துக்கு ஒன்றாகப் பதிப்பாள். புன்னையெண்ணெயில் குழைத்த கரியால் நடுவில் கருவிழி எழுதுவாள். எழுதி முடித்ததும் அந்தக் கண் ஒருமுறை சிமிட்டும். அதன் பிறகு எந்த இருட்டிலும் வள்ளம் தானாகக் கரையைப் பார்த்து வந்து சேரும். கண் இல்லாத வள்ளத்தில் போனவன் வந்தால் உண்டு. ஆனால் கடலில் மூழ்கி உயிரோடு எடுத்த சங்கில்தான் அப்படிப்பட்ட கண் அமையும். ஒரு சங்கில் இரண்டு கண்தான் தேறும். கோடையில் தண்ணீர் தெளிந்த பிறகுதான் அடுத்த சங்கை எடுக்க முடியும்.

அவள் புருஷன் நல்லாண்டி எதற்கும் சிரிப்பவன். அவன் கவலைப்பட வேண்டியதற்கும் சேர்த்து இவள் கவலைப்படுவாள். அவன் கடலுக்குப் போன நாளில் உலை வைத்தால் அரிசி போட மறந்துவிடுவாள். தண்ணீர் கொதித்து வற்றி, பானை கருகின பிறகுதான் தெரியும். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. நல்லாண்டியின் அண்ணன், "கண்ணு என்ன கண்ணு, எனக்குத்தான் ரெண்டு இருக்கே" என்று வெற்று வள்ளத்தில் போனவன்தான், வரவேயில்லை. முந்தின வருஷத்துப் புயலில் நல்லாண்டியின் வள்ளமும் சிதறிப்போனது. பாடுபட்டு அவன் புதிதாக ஒன்று கட்டியிருந்தான். அதற்கான கண்கள் இரண்டும் வீட்டுக்குள் ஒரு கலயத்தில் தயாராக இருந்தன. நல்ல நாள் பார்த்துப் பதிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஒரு கார்த்திகைக் காலையில் பவளாயி வாசல் தெளிக்க வந்தபோது, நண்டுகள் கூட்டங்கூட்டமாகத் தெருவைக் கடந்து மேற்கே ஓடிக்கொண்டிருந்தன.

"எங்க இப்படிக் குடும்பத்தோட கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"நின்னு பேச நேரமில்ல. நீயும் கிளம்பு" என்று சொல்லிவிட்டு நண்டுகள் போய்விட்டன.

அவள் ஊரைக் கூப்பிடலாமா என்று நினைப்பதற்குள், கடல் பக்கமிருந்து ஓர் ஆலா வந்து மணலில் விழுந்தது. கடலிலேயே பறந்து மீன் பிடிக்கும் சின்ன வெள்ளைப் பறவை அது. இறக்கையில் பாதி பிய்ந்திருந்தது.

"பவளாயக்கா, அது வருது. இதுவரைக்கும் வந்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"எந்தப் பக்கம்?"

"நேரா இங்கதான்."

ஊரே கூடிவிட்டது. நல்லாண்டி ஆலாவைக் கையில் எடுத்துத் தண்ணீர் காட்டினான். "அதுகிட்ட நீ ஏதாவது பேசினியா?" என்று கேட்டான்.

"பேசாம இருப்பேனா? ஏன் இந்தச் சனங்க மேலயே வந்து விழறேன்னு கேட்டேன். 'எனக்கு மேற்க மலைக்குப் போகணும். எங்க ஊரு இருக்கு, எங்க வெறும் உப்பளம் இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்? கண்ணு மட்டும் இருந்தா ஆளில்லாத பக்கமா ஒதுங்கிப் போயிருவேனே'ன்னு அழுவுது."

எல்லோரும் பவளாயியைத்தான் பார்த்தார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்களும் பார்த்தார்கள், வேட்டியில் ஈரம் சொட்ட நின்ற கிழவர்களும் பார்த்தார்கள். அவளுக்கு எங்கே திரும்புவது என்று தெரியவில்லை.

"நம்ம வள்ளத்துக்கு வச்சிருக்கியே, அதை எடுத்துக் குடுத்துடு புள்ள" என்றான் நல்லாண்டி.

"அப்ப நீங்க?"

"கோடைக்கு வேற சங்கு எடுத்தாப் போச்சு. அதுவரைக்கும் கண்ணில்லாமலே ஓட்டிக்கிறேன். எனக்குத்தான் ரெண்டு இருக்கே!"

அண்ணன் சொன்ன அதே வார்த்தை. அதே சிரிப்பு. பவளாயி உள்ளே போனாள்.

கலயத்திலிருந்து கண்கள் இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வெளியே காற்று ஏற்கெனவே கீற்றுகளைப் பிடித்து இழுக்கத் தொடங்கியிருந்தது. இரண்டையும் கொடுத்துவிட்டால், புயல் போன மறுநாளே இந்த மனுசன் வெற்று வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவான். பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. இரண்டையும் கொடுக்காவிட்டால் வெளியே நிற்கிற அத்தனை பேரும் போய்விடுவார்கள். ஒன்றைக் கொடுத்தால்? மேலத்தெரு ஒற்றைக்கண் மாரப்பன் பனை ஏறுகிறான், இறங்குகிறான், வேலி தாண்டி வம்புக்கும் போகிறான். பார்க்க ஒரு கண் போதாதா? தன் புருஷனுடைய வள்ளத்துக்கும் ஒரு கண்ணாவது இருக்கும். ஆசைப்பட்டு அவள் இப்படி நினைக்கவில்லை. பயந்து நினைத்தாள். பயந்தவள் போடுகிற கணக்கு எப்போதுமே சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

ஒரு கண்ணை மடியில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். "ஒண்ணு விரிசல் விட்டுப் போச்சு. இதுதான் இருக்கு" என்று மற்றதை ஆலாவிடம் நீட்டினாள். நல்லாண்டி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். ஆலா கண்ணை அலகில் கவ்விக்கொண்டு, கிழிந்த இறக்கையோடு கிளம்பிப் போனது.

ஆனால் அது புயலை எட்டுவதற்குள் புயல் கரையை எட்டிவிட்டது. வடக்கே வாடைப் பக்கமிருந்து அடித்தது, அப்படி ஓர் அடி. மண்சுவர்கள் ஊறி இளகின. முறிந்த பனைமட்டைகள் கதவில் வந்து மோதின. நல்லாண்டி கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். பவளாயி ஒரு கையால் வீட்டுத் தூணையும் மறு கையால் மடியையும் பிடித்துக்கொண்டு, அந்த ஆலா போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று காற்று நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. பேசிக்கொண்டிருந்தவன் வாயைப் பொத்தியதுபோல நின்றது. கதவிடுக்கில் வெயில் விழுந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். சுற்றிலும் கருமேகம் மதில்போல நிற்க, ஊருக்கு நேர் மேலே வட்டமாக நீலவானம் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் ஆலாக்கள் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. புயல் கண் திறந்திருந்தது.

"பாத்துட்டுது! நம்மளப் பாத்துட்டு நின்னுட்டுது!" என்று ஊரே ஆர்ப்பரித்தது. பெண்கள் ஓடிவந்து பவளாயியைக் கட்டிக்கொண்டார்கள். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கட்டறுந்த வள்ளங்கள் ஈரச் சேற்றில் அங்கங்கே சாய்ந்து கிடந்தன. ஆண்கள் எல்லோரும் அவற்றை இழுத்துவர இறங்கி ஓடினார்கள். நல்லாண்டிதான் முதலில் ஓடினான். அவன் வள்ளம்தான் எல்லாவற்றுக்கும் கடைசியில் கிடந்தது.

அப்போது மேலிருந்து குரல் வந்தது. அவ்வளவு பெரிய புயலுக்கு அவ்வளவு மெல்லிய குரல்.

"ஆத்தா, உன்னைப் பாக்கறேன். உங்க ஊரைப் பாக்கறேன். இத்தனை காலமும் இங்கயா வந்து விழுந்தேன்?"

"பாத்தாச்சுல்ல, ஒதுங்கிப் போயிரு சாமி" என்றாள் பவளாயி.

"முன்பக்கம் நின்னுட்டேன் ஆத்தா. முதுகுப் பக்கம் இன்னும் இருட்டாத்தான் இருக்கு. அது நிக்க மாட்டேங்குது, வந்துக்கிட்டே இருக்கு. இன்னொரு கண்ணு எங்க?"

பவளாயி மடியை அவிழ்த்துக் கண்ணை எடுத்து மேலே தூக்கிக் காட்டினாள். "இந்தா! இங்க இருக்கு! ஆலா, வா, வந்து எடுத்துட்டுப் போ!" என்று கத்தினாள். வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட ஆலாக்களால் சுற்றத்தான் முடிந்தது. கீழே இறங்க முடியவில்லை. தெற்கே மேக மதில் நகர்ந்து வருவது அவளுக்குத் தெரிந்தது.

கரையை நோக்கி ஓடினாள். சேற்றில் தூரத்தில் எறும்புகள்போல ஆண்கள்.

"ஏங்க! ஏங்க!"

அந்த ஊரில் எல்லாப் பெண்களும் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். தன் பெண்டாட்டி இல்லை என்று தெரிந்ததும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். நல்லாண்டி திரும்பவேயில்லை. அவன் பெயரைச் சொல்ல வேண்டும். ஆனால் பெண்டாட்டி வாயால் பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லியிருந்தார்கள். ஒரு நாள்கூட அவள் சொன்னதில்லை. வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினாள். மறுபடி "ஏங்க!" என்றாள். மறுபடி விழுங்கினாள். தெற்கே பனைகள் ஒரே பக்கமாகச் சாய ஆரம்பித்தன.

"நல்லாண்டீ!"

அவன் திரும்பினான். ஓடிவந்திருக்கலாம். ஆனால் காதில் விழுந்ததை நம்ப முடியாமல் அப்படியே நின்றுவிட்டான். பிறகு சிரித்தான். இன்னொரு தடவை சொல்லு என்பதுபோல ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்தான். அதற்குள் தெற்கேயிருந்து சோழகக் காற்று அறைந்தது. உள்வாங்கிப் போன கடல் எழுந்து வந்தது.

புயல் போனபின் ஊரில் ஆண்கள் மிகக் கொஞ்சம் பேர்தான் மிச்சம். "பட்டுட்டேனா ஆத்தா? யார் மேலயாவது பட்டுட்டேனா?" என்று அது மேற்கேயிருந்து கேட்டுக்கொண்டே போனது. பவளாயி கேட்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னாள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அடுத்த வருஷம் அந்தக் கண்ணோடு காத்திருந்தாள். புயல் வேறு கரைக்குப் போய்விட்டது. அந்தக் கரைக்கு நடந்து போனாள். அவள் போய்ச் சேருமுன் கடந்துவிட்டது. கடைசிவரை அவள் அதைப் பிடிக்கவேயில்லை. எங்கே கரையேறினாலும் நடுவில் கொஞ்ச நேரம் நின்று, அந்த ஒற்றைக் கண்ணால் புயலும் அவளைத்தான் தேடுகிறது. அட்லாண்டிக் கடலில் எழுந்து தீவுகளையும் பட்டணங்களையும் வாரிக்கொண்டு போகிற பெரும்புயலுக்கும் அதே கண்தான். அங்கே இருப்பவர்களுக்குப் பவளாயியைத் தெரியாது. ஆனால் அந்த அமைதியை நம்பி வெளியே போய்த் திரும்பாதவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

சங்குத்திட்டில் இன்றும் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். ஆனால் புயல் நடுவில் ஓய்ந்து வெயில் அடித்தால், ஒவ்வொரு வீட்டிலும் அவனுடைய பெயரைச் சொல்லி, உரக்க, கொஞ்சமும் தயங்காமல் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துவிடுவாள். அந்த வழக்கம் அன்று முதல்தான் வந்தது.