ஓலையின் கடைசிச் சொல்

யோசனை சொல்ல எந்த ஊரிலும் ஆளுக்குப் பஞ்சமில்லை. கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். யார் பேச்சைக் கேட்பது என்பதில்தான் தலை தப்புவதும் போவதும் இருக்கிறது.

மஞ்சக்குன்றுக் கோட்டையின் பாளையக்காரர் திருமலைக்கொழுந்து வழக்கம் தவறாதவர். குளத்தங்கரைக்குப் போனாலும் மனைவி உலகம்மை நாச்சியாரைக் கூப்பிட்டு, "போயிட்டு வாறேன்" என்று சொல்லாமல் வாசலைத் தாண்டமாட்டார். வேட்டைக்குப் போன அன்றும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனார். போனவரைப் பகைவர் பிடித்துக்கொண்டார்கள். மறுநாளே கோட்டையை வளைத்தார்கள். மூன்றாம் நாள் அவரிடமிருந்து ஓலை வந்தது.

"பொழுது சாயுமுன் கதவைத் திறந்து இவர்களை உள்ளே விடு. விட்டால் என்னை உயிரோடு விடுவார்கள். போகிறேன்."

உள்ளே முந்நூறு குடும்பங்கள். வெளியே புருஷன். மந்திரி போன மாதம்தான் காலமாகியிருந்தார். நாச்சியார் தான் நம்பிய மூவரை அழைத்து, "கோட்டையைக் காக்க வழி காட்டுகிறவருக்கே மந்திரி மோதிரம்" என்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

தளபதி சீவலமாறன் ஓலையைத் தொடவே இல்லை. "கள்ள ஓலை தாயி. கதவைத் திறக்காதிய" என்றான்.

ஓலை எழுதும் ராயசம் அனந்தப்பர் அதை வெளிச்சத்தில் பிடித்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார். "ஐயாவுக்கு எழுத்தாணி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். சத்தியமாக அவர் கைதான். எசமான் கட்டளை, திறந்துவிடுங்கள்" என்றார்.

மருத்துவச்சி காத்தாயிக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஓலையைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசிச் சொல்லை மட்டும் இன்னொரு தரம் கேட்டாள். பிறகு, "ஐயா உங்ககிட்ட இப்படித்தான் சொல்லுவாகளா, தாயி?" என்றாள்.

நாச்சியார் ஓலையை வாங்கி, அந்தக் கடைசிச் சொல்லைத் தன் வாயால் சொல்லிப் பார்த்தாள். வெயில் மதில்மேல் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில், "கதவு திறக்க வேண்டாம்" என்றாள்.

இரண்டு நாளில் பக்கத்துப் பாளையத்து நேசப்படை உதவிக்கு வந்தது. பகைவர் ஓடினார்கள். திருமலைக்கொழுந்து திரும்பவில்லை.

தளபதி மோதிரம் கேட்டு வந்து நின்றான். "திறக்காதியன்னு சொன்னவன் நான்தான்." ராயசமும் விடவில்லை. "அது அவர் கையெழுத்து என்று நான் உறுதி சொல்லாவிட்டால் அந்தக் கடைசிச் சொல்லுக்கு என்ன மதிப்பு?" காத்தாயி ஒன்றும் கேட்கவில்லை. அவள் யோசனை என்று எதையும் சொல்லவும் இல்லையே!

அவசரப்பட்டு விரல் நீட்டாதீர்கள். மந்திரி மோதிரம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: காத்தாயிக்கே. தளபதி சொன்னது பலித்தது, ஆனால் பார்க்காமல் சொன்னது. நாளை பலிக்காமலும் போகும். ராயசம் எழுத்தை அறிந்தார், எழுதியவரை அறியவில்லை. திரும்பி வருகிறவன் "போய் வருகிறேன்" என்பான். "போகிறேன்" என்றால், நான் வரமாட்டேன், என்னை நம்பித் திறக்காதே என்று பொருள். பகைவருக்கு அது வெறும் விடைபெறும் சொல். மனைவிக்கு மட்டுமே தெரிந்த அந்தச் சேதியை அவளையே கண்டுகொள்ள வைத்தாளே, அந்தக் காத்தாயிதான் மந்திரி. மோதிரத்தை வாங்கிக்கொண்ட காத்தாயி நாச்சியாரின் கையைப் பிடித்து, "இனி அழுதுருங்க, தாயி" என்றாள். அவள் சொன்ன முதல் யோசனை அதுதான்.