கத்தரியக்காவின் இரண்டு முள்

அந்தக் காலத்தில் செடிகளுக்கு வாயும் இருந்தது, நடக்கக் காலும் இருந்தது. கண்டங்கத்தரிக்கு அப்போது ஒரு முள்கூடக் கிடையாது. நம்பமாட்டீர்கள், கத்தரியக்காவோடு ஒரே பாத்தியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவள்தான் அவள். அதே இலை, அதே ஊதாப்பூ. தோட்டக்காரி பூவாயி கத்தரியக்காவுக்கு ஊற்றுகிற தண்ணீரில் பாதியை இந்தத் தங்கச்சியே குடித்தாள். காய்த்ததோ கோலிக்குண்டு அளவுக்கு, அதுவும் கசப்பு.

பூவாயியின் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று குட்டு உடைந்தது. கத்தரிப் பிஞ்சு என்று நினைத்து, தங்கச்சியின் காயையும் சேர்த்துப் பறித்து எண்ணெய்க் குழம்பு வைத்துவிட்டாள் பூவாயி. மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் வைத்தார். முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று. மோர் கேட்டார். இன்னொரு சொம்பு மோர் கேட்டார். அப்புறம் வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டார்.

பூவாயி களைக்கொத்தோடு பாத்திக்கு வந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் எது எதுவென்று தெரியவில்லை.

"எதுக்கு இந்தத் தொல்லை? எல்லாத்தையும் கொத்திப் போட்டுட்டுக் கம்பு விதைச்சுக்கறேன்" என்றாள்.

கத்தரியக்கா காட்டிக்கொடுக்கவில்லை. இலையைக்கூட அசைக்காமல் நின்றாள். களைக்கொத்து அவள் தூருக்கு நேராக ஓங்கியபோது தங்கச்சிக்குத் தாளவில்லை.

"அக்காளை விடுங்க. கசந்தது நான்தான்."

பூவாயி கொத்தை இறக்கவில்லை. இன்றைக்கு நீ சொல்லிவிட்டாய், நாளைக்கு உன் பிள்ளைகள் முளைத்தால் நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். பொழுது சாய்வதற்குள் ஓர் அடையாளத்தோடு வந்து நில், இல்லாவிட்டால் பாத்தியே இருக்காது என்று கெடு வைத்தாள்.

தங்கச்சி வரப்போரக் கருவேலமரத்திடம் ஓடி முள் கேட்டாள். நாலு முள் போதுமே என்றது மரம். இவளுக்கா போதும்? அக்காளைத் தானென்று நினைத்து இனி யாரும் வெட்டிவிடக் கூடாதே என்ற பயத்தில் அள்ளி அள்ளிச் செருகிக்கொண்டாள். தண்டில் செருகினாள், காம்பில் செருகினாள், இலைக்கு மேலே செருகினாள், போதாதென்று இலைக்கு அடியிலும் செருகினாள். அத்தனை பாரம் தாங்குமா? பாத்திக்குத் திரும்பி வருவதற்குள் முதுகு வளைந்து, தரையோடு தரையாகப் பரப்பிக்கொண்டு விழுந்துவிட்டாள்.

அவ்வளவு கோபத்திலும் பூவாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடி பைத்தியக்காரி, இனிமே கண்ணே வேண்டாம். காலே உன்னைக் கண்டுபிடிச்சுக்கும்."

அக்காளும் தங்கச்சியும் பிழைத்தார்கள். ஆனால் தங்கச்சி இனிப் பாத்திக்குள் இருக்கக் கூடாது, பாதையோரம் போய்விட வேண்டும் என்று பூவாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கிளம்பும்போது தங்கச்சி அழுதாள். கிட்டே வராதே, குத்தும் என்று அக்காளிடம் சொல்லிப் பார்த்தாள். அக்காள் கேட்கவில்லை, குனிந்து கட்டிக்கொண்டாள். நிமிர்ந்தபோது அவள் காய்க்காம்பில் இரண்டு முள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள் பூவாயி.

"இருக்கட்டும். அது என் தங்கச்சியுது."

அன்று முதல்தான் கண்டங்கத்தரி முள்ளைப் பரப்பிக்கொண்டு பாதையோரம் படுத்துக் கிடக்கிறாள். கத்தரிக்காயை நறுக்க எடுக்கும்போது காம்பு நம் விரலில் சுருக்கென்று குத்துகிறது.