இரண்டு அங்குலம் நீளமான ஃபோர்க்

கோத்தகிரியில் மலைச் சைக்கிள் சவாரி நடத்தும் முதலாளி ஜெகவீரனுக்கு மீசையைவிடப் பேச்சு நீளம். எதிர்க்கடைக்காரன் சைக்கிளைப் பார்த்த வயிற்றெரிச்சலில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை இரண்டு அங்குலம் நீளமாக வரவழைத்தார். பெட்டி வந்ததும் மெக்கானிக் அமலியைக் கூப்பிட்டு, "மாட்டு" என்றார்.

"முன்பக்கம் தூக்கிக்கும் மொதலாளி. இறக்கத்துல சொகுசுதான். ஏத்தத்துல ஹேண்டில் சோம்பலா திரும்பும், முன்சக்கரம் குடிகாரன் மாதிரி அலையும்."

"எனக்கே பாடமா? நாளைக்குப் புது ஃபோர்க்கும் இருக்கணும், ஓட்டமும் இம்மி மாறக்கூடாது. மாறிச்சோ, உனக்கு இங்க வேலை இல்ல!"

"ஓட்டம் மாறாது மொதலாளி" என்றாள் அமலி.

மறுநாள் பளபளவென்று துடைத்து வைத்திருந்த சைக்கிளில் முதலாளி மலையேறித் திரும்பினார். வாடிக்கையாளர்கள் சூழ, பட்டறை வாசலில் இருந்த பெட்டிமேல் கம்பீரமாக உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா? ரெண்டு அங்குலம் கூட்டியும் ஏத்தத்துல அதே ஓட்டம்! கல்லுமேல மட்டும் வெண்ணெய்! இவ என்னமோ பூச்சாண்டி காட்டினா."

"நீங்க சொன்னா சரிதான் மொதலாளி" என்றாள் அமலி பணிவாக. "கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா புது ஃபோர்க்கை மாட்டிடுவேன். அதுமேலதான் உக்காந்திருக்கீங்க."