இடப்பக்கத்துக் கண்ணாடி

மலையடிவாரத்து மடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் சாமிக்கு வலப்பக்கமாகத்தான் உட்காருவார்கள். சின்ன வயதிலேயே அவருடைய இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் யார் வந்து நின்றாலும் அவருக்குத் தெரியாது.

பாத்திரக்கடை குற்றாலிங்கமும் வழக்கம்போல வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். சாமியைவிட அவர் மூத்தவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இறக்கிவைத்துவிட்டுப் போவார்.

சாமி அப்போதுதான் ஓடையில் குளித்துவிட்டு வந்திருந்தார். தோளில் ஈரத் துண்டு கிடந்தது.

"என்ன வே, வாசல்ல கார் நிக்குது?"

"வாங்கல சாமி. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுன்னு புரோக்கர் குடுத்திருக்கான். இதை எடுக்கலாமா, வேற பாக்கலாமான்னு உங்களைக் கேக்க வந்தேன்."

"நான் கார் ஓட்டினதே இல்லியே."

"நீங்க சம்சாரமும் பண்ணினதில்ல. அதுக்கெல்லாம் யோசனை சொல்லலியா?"

சாமி வாய்விட்டுச் சிரித்தார். "சரி, பிடிச்சிட்டீரு. சொல்லும்."

குற்றாலிங்கம் செல்போனை எடுத்துப் படங்களைக் காட்டினார். மகனுக்கு உயரமான வண்டி வேண்டும். பக்கத்தில் எது வந்தாலும் கீச்சுக் கீச்சென்று அதுவே கத்துமாம். மகளுக்கோ பழைய கார் மாதிரியே, அதே நீலத்தில் வேண்டும். அடுத்த மாதம் பேத்திக்குக் காது குத்து. குலதெய்வம் கோயிலுக்கு எல்லோரும் போயாக வேண்டும். அதற்குள் ஒன்றை முடிவு பண்ண வேண்டும்.

"வீட்டம்மாவக் கேட்டீரா?"

"கேட்டேன் சாமி."

"என்னன்னு?"

"வெள்ளையா, சிவப்பான்னு."

"என்ன சொன்னாங்க?"

"'உங்க இஷ்டம்'னா." குற்றாலிங்கம் செல்போனை மடியில் வைத்தார். "எந்த வண்டி வந்தாலும் தான் பஸ்ல வந்துக்கிடுதேன்னும் சொல்லுதா. அந்த விபத்துல ஒடிஞ்ச கை கூடினதுல இருந்தே அப்படித்தான். எதுலயும் ஏற மாட்டேங்கா. பயந்துட்டா சாமி. நல்ல கெட்டியான வண்டியா எடுத்துட்டா ஏறிருவாளோன்னு பாக்கேன்."

"பழைய வண்டியப் பத்திச் சொல்லும்" என்றார் சாமி.

அதற்கென்றே காத்திருந்ததுபோல குற்றாலிங்கத்தின் குரல் மாறியது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து மகளைத் துணியில் சுற்றிக் கூட்டிவந்தது அந்த நீலக் காரில்தான். குற்றாலத்தில் சீசன் என்றால் ஈரத்துணியும் குழந்தைகளுமாக ஏறி, சீட்டெல்லாம் நனைந்துவிடும். டிக்கியில் ஒருமுறை பலாப்பழம் வெடித்தது. அந்த வாசனை ஐப்பசி மழை வரைக்கும் போகவில்லை. மனைவி உலகம்மாள் பக்கத்துச் சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிப் போட்டு உட்காருவாள். அவித்த கடலையை உரித்து உரித்து அவர் கையில் வைப்பாள்.

"இடப்பக்கக் கண்ணாடிய ஒரு திருவிழாக் கூட்டத்துல மாடு முட்டிப் பேத்துட்டு சாமி. மறுநாள் மாட்டிருவோம்னுதான் இருந்தேன். ஆனா வழியிலேயே அவ, 'வாங்க, வாங்க, இருங்க, சைக்கிள் வருது, ஆங், இப்பப் போங்க'ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டா. அவ பாத்துச் சொன்னா அச்சாச் சரியா இருக்கும். அப்புறம் கண்ணாடி எதுக்கு? கடைசிவரைக்கும் மாட்டவே இல்ல."

"நீர் கேப்பீராக்கும்?"

"கேக்கவே வேண்டாம் சாமி. அவளே சொல்லிருவா."

"காருக்கு முன்னால?"

"பஸ்தான். கல்யாணமான புதுசு. கோயில் கொடைக்குப் போற பஸ்ஸுல நிக்க இடம் இருக்காது. பஸ் நிக்கிறதுக்கு முன்னாலேயே ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடிச்சிருவேன். ஒருத்தன் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு உக்காந்துட்டான். அவன் சட்டையப் பிடிச்சிட்டேன்! அவ சிரிச்சிக்கிட்டே நின்னா." குற்றாலிங்கமும் சிரித்தார்.

"இப்பவும் துண்டு போடுவீரா?"

"காருல எதுக்கு சாமி துண்டு?"

சாமி தலையை ஆட்டிக்கொண்டார். "அன்னிக்கு என்ன நடந்தது?"

சிரிப்பு நின்றது. "பால்டிப்போ விலக்குல ரோடு பிரியுதுல்லா, அங்க எங்க தெருவுக்கு இடப்பக்கம் திரும்பணும். அவ 'இருங்க, மினிலாரி வருது'ன்னா. நான் கடையில ஒருத்தன்கிட்டச் சண்டை போட்டுட்டு வந்திருந்தேன். 'எனக்குத் தெரியும், நீ சும்மா வா'ன்னு சொல்லிட்டுத் திருப்பினேன்." குற்றாலிங்கம் தரையைப் பார்த்தார். "அவ பக்கத்துக் கதவுலதான் வந்து இடிச்சது."

"பொறகு அதைப் பத்திப் பேசினீரா?"

"அவ ஒரு வார்த்தை குத்திக் காட்டல சாமி. நானும் எடுக்கல."

சாமி எழுந்தார். "வாரும், உம்ம வண்டியில ஒரு சுத்து போயிட்டு வருவோம். விலக்கு வரைக்கும்."

குற்றாலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமி ஏறிப் பார்த்துச் சொல்லிவிட்டால் பிறகென்ன யோசனை? ஓடிப்போய் முன்கதவைத் திறந்துவிட்டார். சாமி ஏறுவதற்கு முன்னால் ஈரத் துண்டை உதறி, இடப்பக்கக் கண்ணாடியை மூடி இறுக்கிக் கட்டினார்.

"சாமி, கண்ணாடி மறையுதே."

"துண்டு காய வேண்டாமா? நான்தான் பக்கத்துல இருக்கேன்லா."

குற்றாலிங்கம் வண்டியைக் கிளப்பினார். சாமி பக்கத்தில் இருக்கும்போது கண்ணாடி எதற்கு?

வயல்காட்டுப் பாதையில் வண்டி மெதுவாகப் போயிற்று. கதிர் முற்றிய வாசனை உள்ளே வந்தது.

"முன்னால ஆடு நிக்குது" என்றார் சாமி.

"எனக்குத் தெரி..." குற்றாலிங்கம் மீதியை விழுங்கினார்.

சாமி கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நேரே ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அப்புறம் பேசவே இல்லை. ஆடு வந்தது, பாலம் வந்தது, எதிரே கரும்பு வண்டி வந்தது. சாமி வாயைத் திறக்கவில்லை. வண்டி சத்தமில்லாமல் நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் குற்றாலிங்கம் அடிக்கடி துண்டு மூடிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வீட்டிலும் இப்போது இப்படித்தான் இருக்கிறது. கடைக்குக் கிளம்பும்போது, "வெயிலா இருக்கு, குடை எடுத்துக்கிடுங்க" என்று உலகம்மாள் சொல்லி வெகுநாளாகிவிட்டது. அவரும் அதை வெறும் பழக்கம் விட்டுப்போனது என்றே நினைத்திருந்தார்.

பால்டிப்போ விலக்கு வந்தது. இடப்பக்கம் திரும்பினால் அவருடைய தெரு. வேலியோரத்தில் இன்னும் கண்ணாடித் தூள் மின்னிக்கொண்டிருந்தது. குற்றாலிங்கத்தின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார்.

இடப்பக்கக் கண்ணாடியில் துண்டுதான் தெரிந்தது. எட்டிப் பார்த்தார். சாமியின் தோள் மறைத்தது. சாமி சொல்லுவார் என்று காத்திருந்தார். சாமி சொல்லவில்லை. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போயிற்று.

கடைசியில் குற்றாலிங்கம் கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அவர் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"இடப்பக்கம் ஏதும் வருதா?"

"என்னைக் கேட்டா? எனக்கு அந்தப் பக்கந்தான் தெரியாதே வே."

குற்றாலிங்கம் திகைத்துப் போனார். எத்தனையோ வருஷமாக வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர் அவர். இன்றைக்கு மட்டும் எப்படி மறந்தது?

"அப்போ எப்படித் திரும்புறது சாமி?"

சாமி கதவைத் திறந்து இறங்கினார். கண்ணாடியில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். காற்றில் அது காய்ந்திருந்தது.

குற்றாலிங்கமும் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். "வண்டியைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே? எதை எடுக்கட்டும்?"

சாமி துண்டை உதறினார். தாம் உட்கார்ந்திருந்த சீட்டின்மேல் அதை அகலமாக விரித்துப் போட்டார். கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

"வீடு நடக்கிற தூரந்தானே. வீட்டம்மாவுக்கு நான் இடம் பிடிச்சு வச்சிருக்கேன். போய்க் கேட்டுக் கூட்டிட்டு வாரும்."