ஐப்பசி மாசத்து ஐஸ்

குருவுக்கு வயசு முப்பத்தொண்ணு. சீடருக்கு அம்பத்தாறு. தொந்தியும் சீடருக்குத்தான். மத்தபடி எல்லாம் முறைப்படி.

சீடர் பேரு கிட்டுசாமி. திருச்செங்கோடு. போர்வெல் வண்டி வெச்சு ஊர் ஊராப் பூமியத் தொளை போட்டவரு. ஆயிரம் அடி கீழ பார்த்தாச்சு, இனி ஆயிரம் அடி மேல பார்த்தா என்னன்னு ஒருநாள் தோணிடுச்சு. ரெண்டு பேர் உக்கார்ற குட்டி விமானம் ஓட்டக் கத்துக்க வந்துட்டாரு.

குரு பேரு பெர்னதெத். தூத்துக்குடிக்காரங்க. விமானப் பள்ளியில எல்லாருக்கும் அவங்க கேப்டன். கிட்டுசாமிக்கு மட்டும் கேப்டனம்மா.

விமானம் கத்துக்கற விசயத்தக் கிட்டுசாமி வீட்டுல சொல்ல மறந்துட்டாரு. மறந்தாரா மறைச்சாரான்னு அவருக்கே சரியாத் தெரியாது. சம்சாரம் தெய்வானைக்குப் பால்காரர் சொல்லித்தான் தெரிஞ்சுது. அன்னைக்கி நின்ன பேச்சு. சண்டை இல்ல, சத்தம் இல்ல. இட்லி வரும், சட்னி வரும், வார்த்தை வராது.

கிட்டுசாமி சும்மா இருப்பாரா? வாசிங் மெசின் வாங்கிப் போட்டாரு. துணிதான் வெளுத்துச்சு. அட்டிகை வாங்கினாரு. அதுவும் பீரோவுக்குள்ள போயி, அந்தம்மா மாதிரியே வாயத் தொறக்காம உக்காந்துக்கிச்சு.

ஐப்பசி மாசம். தூறல் விட்டு, வானம் புழியாத துணி மாதிரி தொங்கிட்டிருந்த ஒரு காலை. சட்டை முதுகுல ஒட்டுற புழுக்கம்.

"இன்னைக்கி ஐஸ் பாடம் சார்"னு கேப்டன் ஆரம்பிச்சாங்க.

கிட்டுசாமி சிரிச்சாரு. "நம்மூருல ஐஸுன்னா ஒண்ணு சர்பத்துல போடுவாங்க, இல்லாட்டி எம்.எல்.ஏ.வுக்கு வைப்பாங்க. விமானத்துல எப்படிங்க கட்டும்?"

"ரெக்கையில கட்டுறது வேற. அது ரொம்ப ஒசரத்துல, குளுருல. நான் சொல்றது இன்ஜினுக்குள்ள, காத்தும் எண்ணெயும் கலக்குற கார்புரேட்டர்ல கட்டுறது."

"இன்ஜினுக்குள்ளயா? கேப்டனம்மா, அது அடுப்புங்க. அடுப்புல யாராச்சும் ஐஸ் பார்த்திருக்காங்களா?"

கேப்டன் எந்திரிச்சாங்க. "வாங்க, ஒரு சுத்து போவோம்."

மேகத்துக்குக் கீழ, ஓடுபாதைக்கு நேர் மேலயே வட்டம் போட்டாங்க. கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைமிட்டாயக் கடிக்க ஆரம்பிச்சாங்க.

கொஞ்ச நேரத்துல இன்ஜினோட வேகமுள்ளு லேசா இறங்குச்சு. கிட்டுசாமி வேகம் கூட்டுற த்ராட்டில் பிடியக் கொஞ்சம் உள்ள தள்ளினாரு. சரியாப் போச்சு. மறுபடி இறங்குச்சு. மறுபடி தள்ளினாரு.

"வண்டிக்கு இன்னைக்கி ஒடம்பு சரியில்லீங்களா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கென்னங்க, தள்ளுனாப் போகுது."

"அப்ப தள்ளுங்க."

இனித் தள்ள எடமில்லங்கற வரைக்கும் தள்ளினாரு. அப்பத்தான் இன்ஜின் ஒடம்ப ஒரு உலுக்கு உலுக்குச்சு. விமானம் இறங்குது.

"கேப்டனம்மா..."

"இன்ஜினுக்குச் சூட்டுக்காத்து விடுற குமிழ முழுசா வெளிய இழுங்க."

இழுத்தாரு. தேறும்னு பார்த்தா, இன்ஜின் முன்னைவிட மோசமா இருமுச்சு. லொக்கு லொக்குன்னு, ஒரு கட்டுப் பீடியையும் ஒரே மூச்சுல குடிச்ச மாதிரி. இருந்த உசுரையும் நானே எடுத்துட்டேன்னு பதறி, குமிழத் திருப்பி உள்ள தள்ளப் போனாரு.

கேப்டன் கை அவரு கை மேல வந்து உக்காந்துச்சு.

"விட்டுராதீங்க."

"செத்துரும் போல இருக்குங்க!"

"உருகுற தண்ணிய முழுங்குது. இருமத்தான் செய்யும்."

"எவ்வளவு நேரமுங்க?"

"எவ்வளவு கட்டியிருக்கோ, அவ்வளவு நேரம்."

கிட்டுசாமி தன்னோட ஊர் மலைமேல பாதி பொம்பளையா நிக்கிற சாமியக் கூப்பிட்டாரு. இன்ஜின் இன்னும் நாலு இருமல் இருமி, தொண்டையச் செருமி, பழையபடி பாட ஆரம்பிச்சுது.

இறங்கினதும், பள்ளி கேட்டுக்கு வெளிய டீக்கடை.

"அந்தச் சூட்டுல ஐஸ் எப்படிங்க?"

கேப்டன் அவரு கையப் புடிச்சு, அடுப்புக்குப் பக்கத்துல நின்ன கேஸ் சிலிண்டர் மேல வெச்சாங்க. மேல அடுப்பு புஸ்ஸுன்னு எரியுது. சிலிண்டரோட அடிவயித்துல வெள்ளையாப் பனி. கிட்டுசாமி வெடுக்குன்னு கைய எடுத்துட்டாரு.

"எரியப் போற எண்ணெய் ஆவியாகறப்ப, பக்கத்துல இருக்குற சூட்ட எடுத்துக்கும் சார். ஈரக்காத்து அங்கயே ஒறஞ்சிரும். வெளிய நிக்கிறவனுக்கு வேர்த்துக்கிட்டுத்தான் இருக்கும்."

"நான் தள்ளத் தள்ளப் போச்சேங்க?"

"அதான் கட்டுறது உங்களுக்குத் தெரியல."

கிட்டுசாமி கிளாஸக் கையில வெச்சுச் சுத்திக்கிட்டிருந்தாரு. டீயில ஆடை படிஞ்சுது. அப்புறம் மெல்ல, "சாயங்காலம் ஷோரூமுக்கு வர்றதாச் சொல்லியிருக்கேன்"னாரு.

"என்ன வாங்க?"

"காரு. தெய்வானை இன்னும் பேச மாட்டேங்குறாளுங்க."

பெஞ்சு மேல கெடந்த அவரு போன, கேப்டன் ஒத்த வெரலால அவரு பக்கம் நகத்தினாங்க.

கிட்டுசாமி அத எடுத்துக்கிட்டு எந்திரிச்சு நின்னு நம்பரப் போட்டாரு.

"தெய்வானை... உங்கிட்டச் சொல்லாமப் பண்ணிப்போட்டேன். தப்புத்தான். உம் மனசுல என்ன இருக்குது, சொல்லு."

அந்தப் பக்கமிருந்து வந்துச்சு பாருங்க!

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா? அட்டிகை யாரு கேட்டாங்க? அந்தத் தகரடப்பாவோட எந்தக் காட்டுல விழுந்து கெடப்பீங்கன்னு நான் யாரப் போயிக் கேக்குறது? பால்காரனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலீங்க! வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குற வரைக்கும் ஒரு வாய் சோறு எறங்குதாங்க எனக்கு..."

டீ மாஸ்டர் ஆத்துறத நிறுத்திட்டாரு. குரல் ஏறுச்சு, ஒடைஞ்சுது, அழுதுச்சு, மறுபடி ஏறுச்சு.

கிட்டுசாமிக்கு வேர்த்துக் கொட்டுது. கட்டைவெரல் தானா செவப்புப் பட்டன் பக்கம் போச்சு. போனப் பொத்திக்கிட்டுக் கேப்டனப் பார்த்தாரு.

"எவ்வளவு நேரமுங்க, கேப்டனம்மா?"

கேப்டன் பெஞ்ச இழுத்து அவருக்குப் பின்னாடி போட்டாங்க.

"எத்தனை நாளாக் கட்டுச்சு சார்? உக்காந்து கேளுங்க."